திசு பாரு

என் புருஷன் என்னை ‘மாத்தா’ என்றுதான் கூப்பிடுவார். மலாயில் மாத்தா என்றால் கண். எங்கள் தோட்டத்துத் தமிழில் போலீசுக்கும் அதுதான் பேர். கல்யாணமான புதிதில் அவர் சட்டைப்பையைத் துழாவியதற்காக வைத்த பெயர் அது. கோபித்துக்கொண்டேனே தவிரத் துழாவுவதை விடவில்லை. மீன்காரர் தராசு, கடையில் கொடுக்கிற மீதி, வெளுத்திருக்கிற வானம், எதையும் இரண்டு தரம் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பிறவிக் குணம், மாற்ற முடியாது.

கல்லைக் கண்டுபிடித்ததும் அந்தக் குணம்தான்.

அவர் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து பின்வாசலில் பூட்ஸைக் கழற்றினார். இடது கால் சாக்ஸ் நனைந்திருந்தது. என்னவென்று கேட்டேன். மழைத் தண்ணி என்றார். அன்றைக்கு மழையே பெய்யவில்லை. கேமரன் மலையில் மழை பெய்யாத நாளை நான் மறப்பேனா? பூட்ஸை எடுத்துக் கவிழ்த்தேன். பட்டாணி அளவு ஒரு கல் விழுந்தது. சாக்ஸை உருவினேன். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு ஓட்டை.

“எப்பலேர்ந்துங்க இந்தக் கல்லு?”

“தெரியலியே. வலிக்கலியே.”

அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பது போலத்தான் அதைப் பார்த்தார். நாள் முழுக்க அந்தக் கல்லின் மேல் நின்றிருக்கிறார், நடந்திருக்கிறார், கிளட்ச் மிதித்திருக்கிறார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து வருஷக்கணக்காகிறது, காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். கேட்பது வேறு, கல் விழுவதைப் பார்ப்பது வேறு. 

எனக்கு உடனே அவருடைய அண்ணன் ஞாபகம்தான் வந்தது. ஒரு கால்விரலைக் காட்டத்தான் மலையிலிருந்து தாப்பா ரோட்டில் இறங்கிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அடுத்த வருஷமே அவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் ‘கீழே போவது’ என்றால் ஒரே அர்த்தம்தான். அந்த வார்த்தையைக் கேட்டாலே என் புருஷன் முகம் கறுத்துப்போகும்.

டவுன் கிளினிக்கில் டாக்டர் அழுகின சதையை வெட்டி எடுத்தார். எலும்புக்குப் போகவில்லை என்றார். “குழி நெறைஞ்சிட்டா தப்பிச்சீங்க. நெறையாம உள்ள போச்சுன்னா கீழதான் அனுப்பணும்” என்றார். நல்ல மனுஷர், நம் தமிழர்தான். ஆனால் குழி எதனால் நிறையும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தோல் வந்து மூடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப் போடுகிறவள் ஒரு மலாய் நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸ்ஸி. கிளந்தான்காரி, சின்ன வயசு. அவள் பேசுகிற வேகத்தில் பாதி வார்த்தை வாயிலேயே நின்றுவிடும். கட்டுப் போடும்போது பாட்டு வேறு முணுமுணுப்பாள். எனக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. ஆறாத புண்ணைப் பார்த்துக்கொண்டு எவளுக்குப் பாட்டு வரும்? நோயாளியை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கொசு ஒழிப்புப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில வாரம் போனபிறகு, வீட்டிலேயே உப்புத் தண்ணியால் கழுவிக் கட்டிக்கொள்ளலாம், வாரத்துக்கு ஒரு தரம் வந்து காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர் வெளியே வந்தபோது முகம் சரியில்லை. மோட்டார் சைக்கிளை நான்தான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் பாதி வழியில் என் தோளைத் தட்டினார்.

“ஏன்லா, ஒங்க கடையில திசு வைக்கிறீங்கள்ல, அது தண்ணில கரைஞ்சிருமா?”

நான் வேலை செய்வது தோட்டத்துத் தேநீர்க் கடையில். மலையைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்க வருகிறவர்களுக்குப் பரிமாறுவது என் வேலை. ஒரு நாளைக்கு நான் அதிகம் கேட்கிற வார்த்தை என் பெயர்கூட இல்லை. “காக், திசு! காக், திசு!” காக் என்றால் அக்கா, திசு என்றால் துடைக்கிற காகிதம். வாய் துடைக்க, மேசை துடைக்க, பிள்ளைக்கு மூக்குத் துடைக்க. சாரல் உள்ளே அடித்தால் அத்தனையும் மேசையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

“கரையாது. ஊறி ஊறிப் பருக்கை பருக்கையா ஒட்டிக்கும். சொரண்டித்தான் எடுக்கணும்” என்றேன்.

“ம்” என்றார். 

லோரி டிரைவருக்குத் திசு எதற்கு? என் மண்டை வேலை செய்ய ஆரம்பித்தது. ரிங்லெட் டவுனில் அவர் எப்போதும் உட்கார்கிற பாய் கடையில் பலகாரத்தைத் திசுவில் சுற்றித்தான் கையில் கொடுப்பார்கள். ஆக, ஐயா திருட்டுத்தனமாக இனிப்புச் சாப்பிடுகிறார், சுற்றின திசுவை எங்கேயோ கரைக்கப் பார்க்கிறார். புண் ஏன் ஆறவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. மறுநாளே பாய் கடைக்குப் போய் நின்றேன்.

“பாய், உண்மையச் சொல்லுங்க. இவரு இங்க வந்து என்னா சாப்பிடுறாரு?”

“அட என்னாக்கா, பாலும் இல்லாம சீனியும் இல்லாம வெறும் டீத்தண்ணிதான். அதக்கூடக் குடிக்க மாட்டேங்கிறாருலா. திசுவ எடுத்து டீயில நனைக்கிறாரு, தூக்கிப் பாக்குறாரு, மறுபடி நனைக்கிறாரு. தலைக்கு எதாச்சும் ஆயிருச்சான்னு நானே ஒங்களக் கேக்கலாம்னு இருந்தேன்.”

நான் நம்பவில்லை. ஆம்பிளைக்கு ஆம்பிளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், கூட்டுக் களவாணிகள் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். காலைக் கழுவப் பாத்ரூமுக்குள் போனால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். நான் கழுவி விடுகிறேன் என்றால், “நாத்தம் அடிக்குது, நீ வராத” என்பார். முப்பது வருஷம் என் கையால் துவைத்த சாக்ஸைப் போட்டவருக்கு இன்றைக்குத்தான் நாற்றம் தெரிகிறதாம். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? அந்த வாரமே நான் புருவம் திருத்துகிற சின்ன இடுக்கியும் காணாமல்போனது. கேட்டதற்கு, “எனக்குப் புருவமா கேக்குது?” என்று சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது, கண்ணுக்குப் போகவில்லை.

அடுத்த முறை கிளினிக்கில் மிஸ்ஸி என்னையும் உள்ளே கூப்பிட்டாள். கட்டைப் பிரித்து வைத்திருந்தாள். துணியெல்லாம் பச்சை ரத்தம். அவள் பாட்டு நின்றுபோயிருந்தது.

“சியாப்பா கோரெக்?” என்று கேட்டாள். யார் தோண்டினது?

கேட்டது அவரை. பார்த்தது என்னை. மஞ்சள் தூள் வைத்துத் தேய்த்தேனா, காப்பித் தூள் போட்டேனா, எதையாவது வைத்துச் சுரண்டினேனா என்று வரிசையாகக் கேள்வி. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற என்னையே ஒருத்தி நிற்க வைத்து விசாரிக்கிறாள். எனக்குக் காது ரெண்டும் சுட்டது. “புக்கான் சாயா!” நான் இல்லை என்று கத்தியேவிட்டேன். என் புருஷனோ பொம்மை மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

மிஸ்ஸி அளந்து பார்த்தாள், குழி போன வாரத்தைவிடப் பெரிதாகியிருந்தது. டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். அடுத்த தரமும் இப்படியே இருந்தால் கீழே எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றார். திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவர் கை என் இடுப்புத் துணியை இறுக்கிப் பிடித்திருந்தது. பயம்தான். எனக்கும்தான்.

அன்றைக்கே ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பாத்ரூம் தாழ்ப்பாளைப் பாதி கழற்றி வைத்தேன். மாத்தா என்று பெயர் வாங்கியாகிவிட்டது, அதற்கான வேலையையும் செய்ய வேண்டாமா? காலையில் கடைக்குப் போகிறேன் என்று சொல்லி முன்கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டு, லைன் வீடுகளைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து பாத்ரூம் கதவைத் தள்ளினேன்.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இடது காலைத் தூக்கி வலது முழங்கால்மேல் போட்டிருந்தார். கையில் என் இடுக்கி. குழிக்குள்ளிருந்து சிவப்பாக, ஈரமாக, பருக்கை பருக்கையாக எதையோ பிடுங்கிப் பிடுங்கி, சோப்பு டப்பா மூடியில் வைத்துக்கொண்டிருந்தார். குதிகால் வழியாக ரத்தம் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் முகமோ, மீனுக்குச் செதில் எடுப்பவர் முகம். ரத்தத்தைவிட அந்த முகம்தான் என்னைப் பயமுறுத்தியது.

“என்னாங்க பண்றீங்க!”

“கத்தாத. மிஸ்ஸி உள்ள திசுவ வச்சிருக்கா. எடுத்துக்கிட்டு இருக்கேன்.”

“என்னா திசு?”

“திசுதான்லா. அவ வாயாலயே சொன்னா. ‘அடா திசு பாரு, ஜாங்ஙான் புவாங்’னு. புதுத் திசு உள்ள இருக்கு, எடுத்துப் போட்ராதேன்னு. காயிதத்த உள்ள வச்சா அழுகாம என்னா செய்யும்? அண்ணனுக்கும் இப்பிடித்தான் எதையோ வச்சிருக்கானுங்க. கேட்டா நம்மளயே கீழ அனுப்பிருவானுங்க. அதான் கேக்கல.”

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

“ஐயோ, அது சதைங்க!”

“சதையா இருந்தா வலிக்கணும்ல? இந்தா பாரு.” என் கண் முன்னாலேயே இன்னொன்றைப் பிடுங்கினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. “வலிக்கல பாத்தியா? என்னோடதா இருந்தா வலிக்கும்லா. இது என்னோடது இல்ல.”

இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டேன்.  ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே சோப்பு டப்பா மூடியைப் பார்த்தேன். சாரலில் ஊறி மேசையில் ஒட்டிக்கொள்கிற திசு எப்படியிருக்குமோ அப்படியேதான் இருந்தது, சிவப்பைத் தவிர. ஒரு நிமிஷம் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ? பாட்டுப் பாடிக்கொண்டே அவள் மறந்து வைத்துவிட்டாளோ?

மூடியில் இருந்ததைச் சம்பல் டப்பாவில் போட்டு மூடினேன். புண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டி, அவரை மோட்டாரில் ஏற்றி, நேராகக் கிளினிக். முறை வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. மிஸ்ஸி மேசையில் டப்பாவைத் திறந்து வைத்தேன்.

“இனி திசுவா?” என்று மலாயில் கேட்டேன். இது திசுவா?

பார்த்தாள். “யா, திசு” என்றாள்.

பார்த்தாயா என்பது போல அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் மேசையிலிருந்த திசுப் பெட்டியிலிருந்து ஒன்றைச் சரக்கென்று உருவி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இந்தத் திசுவா?” என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

மிஸ்ஸி காகிதத்தைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் அறைந்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

“அல்லாஹ், பாக்சிக்” என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டாள். “இசி. இசி பாரு.”

இசி என்றால் சதை, உடம்புச் சதைக்கும் திசு என்றுதான் அவர்கள் சொல்வார்களாம். புதுச் சதை. முதல் முறையாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இதை யாரும் உள்ளே வைக்கவில்லை, உடம்பே முளைக்க வைக்கிறது, குழியின் அடியிலிருந்து மேலே வரும், குழி நிறைந்த பிறகுதான் தோல் வந்து மூடும். பருக்கையாக, ஸ்ட்ராபெரி மாதிரிச் சிவந்திருந்தால் ரத்தம் வந்து சேர்ந்திருக்கிறது, நல்லது. வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால்தான் பயப்பட வேண்டும். நான் இத்தனை நாளாகக் கழற்றிப் போட்ட கட்டுத்துணியில் மஞ்சளைப் பார்த்தால் தோல் வருகிறதென்று சந்தோஷப்பட்டு, சிவப்பைப் பார்த்தால் பயந்துகொண்டிருந்தேன்.

“ஏன் வலிக்கல?” என்று அவர் விடாமல் கேட்டார்.

புதுச் சதைக்கு வலி தெரியாது பாக்சிக், உங்கள் பாதத்துக்கோ எப்போதோ வலி போய்விட்டது என்றாள். அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் உடம்பு கட்டிக் கொடுத்ததை இவர் பாத்ரூமில் உட்கார்ந்து இடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கீழே போகாமலிருக்கத்தான் அத்தனையும் செய்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. “எம் பயந்தான்லா” என்றார் மெதுவாக. நான் அவரைத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, டப்பாவை மூடி அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன்.

மிஸ்ஸிதான் டாக்டரிடம் பேசி, கீழே எழுதுவதைத் தள்ளிப்போட வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “காக்கி இனி, ஜாங்ஙான் பெர்ச்சாயா” என்றாள். இந்தக் காலை நம்பாதே. அவர் நல்லாயிருக்கு என்றாலும் நம்பாதே. தினமும் பார். குளிக்கிற தண்ணியை உன் கையால் தொட்டுப் பார். பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகு போடச் சொல். என் வாழ்நாளில் சந்தேகப்படாதே என்று சொல்லாதவர்கள் இல்லை. சந்தேகப்படு என்று சொன்னவள் இவள் ஒருத்திதான்.

“இவகிட்டப் போயி இதச் சொல்றியே” என்று என் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து காலையில் நான் வேலைக்குப் போகுமுன் அவர் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து காலை என் மடியில் வைப்பார். கழுவி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கட்டுவேன். இப்போதும் என் கைப்பேசியைத் திறந்தால் பேரப்பிள்ளை, கால், கோயில் திருவிழா, கால், கால் என்றுதான் வரும். ஆரம்பத்தில் ஒன்றும் இல்லை. குழி மங்கலாகக் கிடந்தது. இனி முளைக்காதோ, பிடுங்கிப் பிடுங்கி வேரே போய்விட்டதோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஒரு காலையில் அடியில் லேசாகச் சிவப்பு. ரத்தக் கசிவாக இருக்கும் என்று நினைத்தேன், நம்பவில்லை. மறுநாளும் இருந்தது. பருக்கை பருக்கையாக மேலே வந்தது. கடையில் ஸ்ட்ராபெரி தட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அதே ஞாபகம். வாயில் வைக்க முடியவில்லை, ஆனாலும் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

மலாயில் பாரு என்றால் புதுசு. தமிழில் பாரு என்றால் பார். மிஸ்ஸி எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

குழி நிறைந்தது. ஓரத்திலிருந்து மெல்லிசாகத் தோல் வந்து மூடியது. கீழே போகவில்லை. லோரி கிளட்ச்சை இப்போது அந்தக் காலால்தான் மிதிக்கிறார். மற்ற இடமெல்லாம் கறுப்பு, அந்த இடம் மட்டும் வெளிர்ச் சிவப்பு, வேறு யாருடைய தோலையோ ஒட்டுப்போட்ட மாதிரி. நான் இன்னும் தினமும் பார்க்கிறேன்.

போன வாரம் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினேன்.

“தெரியுதா?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்லலா.” குனிந்து அதையே பார்த்தார். “மூடுனது மூடிருச்சு. ஆனா இது என்னோடதுன்னு இன்னும் தோண மாட்டேங்குது. ஒரு நாளாச்சும் வலிச்சிருந்தா தேவலாம்.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஒங்களுக்கு வலிக்கலல்ல? எனக்கு வலிச்சிச்சு. அன்னைக்கு பாத்ரூம்ல ஒவ்வொண்ணா பிடுங்குனீங்களே, ஒவ்வொண்ணும் எனக்கு வலிச்சிச்சு. வலிக்கிறவங்களோடதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப இது என்னோடது. ஒங்களுது இல்ல.”

அவர் சுவரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு காலை என் மடியில் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“அப்பன்னா ஒன் காலுக்கு நீயே சாக்ஸ மாட்டு” என்றார்.

மாட்டினேன். பூட்ஸை எடுத்து, அவரிடம் கொடுக்குமுன் உள்ளே கையை விட்டு நுனி வரைக்கும் துழாவினேன்.